இலையை வெளிப்பக்கம் மடித்தவன்

பன்னிரண்டு பட்டு ரவிக்கைகளோடு ஓர் ஆண் தனியாக விமானத்தை விட்டு இறங்கினால் சுங்க அதிகாரி என்ன நினைப்பார் என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையத்தில் அந்தப் பெண்மணி ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்த்தார். உங்களுக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். என் தோள் அகலத்தையும் ரவிக்கையின் தோள் அகலத்தையும் ஒப்பிட்ட பிறகுதான் நம்பினார்.

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் என் சித்தி மகள் சாந்தா வீட்டில் அவள் மகளுக்குக் கல்யாணம். புடவைகளை அங்கேயே எடுத்துவிட்டார்கள். ரவிக்கை மட்டும் கோயம்புத்தூரில் எங்கள் வீதித் தையற்காரர் தைத்தால்தான் ஆச்சு என்று மணப்பெண் சொல்லிவிட்டாள். கொண்டு போக வேலைவெட்டி இல்லாத ஆள் வேண்டும் என்றபோது, எங்கள் குடும்பம் ஒருமனதாகத் தன் எழுத்தாளனைத் திரும்பிப் பார்த்தது.

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் தங்கினேன். முதல் நாள், வியாழக்கிழமை, தெருவைக் கடக்க ஓரத்தில் நின்றேன். வந்த கார் நின்றது. ஏதாவது பழுதோ என்று நானும் நின்றேன். ஓட்டுநர் கையை அசைத்து, போங்கள் என்றார். கோயம்புத்தூரில் ஐம்பத்திரண்டு வருடம் உயிர் பிழைத்த அனுபவத்தில், இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்காக மூன்று கார்கள் காத்திருந்தன. என் சொந்தக் கல்யாணத்தில்கூட எனக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை.

சாப்பிடப் போன இடம் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. பாகற்காயை வளையமாக நறுக்கி மொறுமொறுவென்று பொரித்து, கேட்காமலே குவிக்கிறார்கள். நண்டுக் குழம்பு, மோர் மிளகாய், இரண்டு வகைப் பொரியல். கூட்டத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் காலி. அந்த மேசையில் நான்கு பேர் இருந்தார்கள். நடுவில் தண்ணீர் ஜாடியில் ஒரு கைபேசி சாய்ந்திருந்தது. அதில் டெஸ்ட் மேட்ச். இந்தியாவில் காலை ஒன்பதரை என்றால் இங்கே மதியம் பன்னிரண்டு. அங்கே முதல் பந்து வீசும்போது இங்கே முதல் பிடி சோறு.

"உக்காருங்க அண்ணே. ஊரா?" என்று கேட்டார் மீசைக்காரர் ஒருவர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவரா என்று அதற்கு அர்த்தம். ஆமாம் என்றதும் நால்வர் முகத்திலும் ஒரு மலர்ச்சி. சரியான விஷயம் தெரிந்த ஆள் வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் மனிதர்களை இவ்வளவு விரைவாக நான் ஏமாற்றியதில்லை.

மீசைக்காரர் செல்வம். சாலாக் செலாத்தானில் வீடு, வாடகைக் கார் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் ஒரு கிரிக்கெட் அணிக்குத் தலைவர். பக்கத்தில் ஜவுளிக்கடை ஜமால் பாய். எல்லாரும் இந்தியாவுக்குக் கத்தினால் எதிரணியை யார் கவனிப்பது என்ற நல்லெண்ணத்தில் எப்போதும் ஆட வந்த அணியை ஆதரிப்பவர். எதிரில் கலா அக்கா, பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அணியின் ஸ்கோர் புத்தகம் இவர் கையில். நான்காமவர் தனபாலன். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் மேற்பார்வையாளர், ஐம்பத்தேழு வயது, அணியின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். செல்வத்தின் அக்கா கணவர். முட்டி வலிக்காக விடுப்பில் இருந்தார். டெஸ்ட் தொடரும் முட்டி வலியும் ஒரே வாரத்தில் வந்ததற்குத் தாம் பொறுப்பில்லை என்று என்னிடம் தனியாக விளக்கினார்.

பேச்சு, இந்திய அணியின் மூத்த சுழற்பந்து வீச்சாளரைப் பற்றி. அவரை இன்னும் வைத்திருக்கலாமா கூடாதா. அரசியல் விவாதம் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அறுவை சிகிச்சை மாதிரி இருந்தது. அவருடைய பந்து கையை விட்டுப் புறப்படும் உயரம் போன தொடருக்கும் இதற்கும் எவ்வளவு குறைந்திருக்கிறது, சிவப்பு மண் ஆடுகளத்தில் எவ்வளவு திரும்பியது, கறுப்பு மண்ணில் ஏன் திரும்பவில்லை, இடக்கை ஆட்டக்காரருக்குப் போடும்போது முன்கால் எங்கே விழுகிறது. கலா அக்கா புத்தகத்தைப் புரட்டாமலே ஓவர் ஓவராகச் சொன்னார். இந்த நாட்டில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கால்பந்தும் பூப்பந்தும்தான் விளையாட்டு. மீதி ஒருவர் இவ்வளவையும் தலைக்குள் சுமந்துகொண்டு திரிகிறார். நான் பாகற்காயை வாயில் வைத்துக்கொண்டு மெல்ல மறந்திருந்தேன்.

என் கருத்தைக் கேட்டார்கள். அனுபவத்துக்கு ஒரு மதிப்பு உண்டில்லையா என்று பொதுவாக ஒன்றைச் சொன்னேன். ஊரில் எந்தக் கூட்டத்திலும் இதைச் சொன்னால் கைதட்டுவார்கள்.

தனபாலன் தலையை ஆட்டினார். "அனுபவம் அவருக்குத்தான் அண்ணே இருக்கு. பந்துக்கு இல்லியே. பேர பாக்காதீங்க, பந்த பாருங்க. முன்னாடி மாதிரி மேல போயி எறங்கல. தள்ளுறாரு. எனக்கு அவர ரொம்ப புடிக்கும். ஆனா டீம்ல எடுக்க கூடாது."

பிறகு ஓட்டெடுப்பு நடந்தது. கையைத் தூக்கவில்லை. சாப்பிட்டு முடித்து இலையை மடித்தார்கள். நம் ஊரில் கல்யாண வீட்டில் இலையை நம் பக்கம் மடிப்போம், துக்க வீட்டில் வெளிப்பக்கம். இந்த மேசையில், நம் பக்கம் மடித்தால் அவர் அணியில் இருக்கட்டும், வெளிப்பக்கம் மடித்தால் வேண்டாம். ஓர் ஆளுக்கு ஓர் இலை என்பதால் ஒரு சாப்பாட்டுக்கு ஒரு வழக்குத்தான் தீர்க்க முடியும். தங்கள் ஞாயிற்றுக்கிழமை அணியையும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டம் தனபாலன் போட்டது. மேசையில் இலை போட்டு உட்கார்ந்த எவருக்கும் ஓட்டு உண்டு, விருந்தாளிக்கும். யாருடைய இடம் பேசப்படுகிறதோ அவருக்கு மட்டும் இல்லை. ஓட்டு சமமாக வந்தால் ஏற்கெனவே ஆடுகிறவரே ஆடுவார். கூச்சல் கிடையாது, மேல்முறையீடு கிடையாது.

கல்யாண வேலையாக வந்தவன் வெளிப்பக்கம் மடிக்கக் கூடாது என்று நான் என் பக்கம் மடித்தேன். கலா அக்காவும் அப்படியே. மற்ற மூவரும் வெளியே. இந்தியாவின் மூத்த சுழற்பந்து வீச்சாளர் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பிரிக்ஃபீல்ட்ஸில் நீக்கப்பட்டார். அது தெரியாமல் அவர் கைபேசியில் அடுத்த ஓவரைப் போட வந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். ஏறின பெட்டி சுத்தமாக, அமைதியாக, குளிராக இருந்தது. என்ன நாடு இது என்று வியந்துகொண்டே நான்கு நிலையங்கள் போன பிறகுதான் பெட்டியில் நான் ஒருவனே ஆண் என்று உறைத்தது. எதிரில் இருந்த மலாய்க்கார அம்மாள் கோபமே இல்லாமல் என் தலைக்கு மேல் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புப் பலகையைச் சுட்டிக் காட்டினார். மகளிர் பெட்டி. எழுந்த வேகத்தில் பை சரிந்து இரண்டு ரவிக்கைகள் வெளியே விழுந்தன. அந்த அம்மாள் அவற்றை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். இவனுக்கும் இங்கே உட்கார ஏதோ நியாயம் இருக்கலாம் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும்.

சாந்தா வீட்டில் ரவிக்கைகளைப் போட்டுப் பார்த்ததில் மூன்று இறுக்கம். அளவு அனுப்பியபோது இருந்த மணப்பெண் வேறு, விருந்துகளுக்குப் பிறகு இருந்த மணப்பெண் வேறு. பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிரித்துத் தைக்கிறவர் இருக்கிறார், கொடுத்து வாங்கி ஞாயிறன்று கொண்டு வா என்று மூன்றும் என்னிடமே திரும்பி வந்தன.

சனிக்கிழமை தையற்கடையிலிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நேரே அந்த மேசைக்குப் போனேன். எனக்காக ஒரு நாற்காலி வைத்திருந்தார்கள். டெஸ்டின் மூன்றாம் நாள். ஆனால் அன்று கைபேசியை யாரும் அவ்வளவாகப் பார்க்கவில்லை.

தனபாலன் கை கழுவப் போனபோது கலா அக்கா எனக்குத் தாழ்ந்த குரலில் சொன்னார். தனபாலனுக்கு அடுத்த மாதம் முட்டியில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பந்து வீசக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாளைக்குக் கிள்ளானில் நடக்கிற ஆட்டம்தான் கடைசி. பத்துப் பேர் முடிவாகிவிட்டது. பதினோராவது இடத்துக்குத் தனபாலனா, வேகப்பந்து போடும் விக்னேஷா என்பதுதான் இன்றைய வழக்கு. விக்னேஷுக்கு முப்பது வயது. வக்கீல் அலுவலகத்தில் வேலை, சனிக்கிழமையும் உண்டு, வரவில்லை.

ஒரு மனிதர் கடைசியாகப் பந்து வீசுவதா வேண்டாமா என்பதை அவர் எதிரிலேயே, அவர் ரசம் ஊற்றிச் சாப்பிடும்போதே பேசுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. பேசினார்கள். காலையில் புல் ஈரமாக இருக்கும், பந்து வழுக்கிக்கொண்டு போகும், வேகம்தான் எடுபடும் என்று செல்வம் ஆரம்பித்தார். கலா அக்கா, எதிரணியில் நான்கு பேர் சுழற்பந்துக்குத் திணறுகிறவர்கள் என்று புத்தகத்திலிருந்து எடுத்துக் காட்டினார். ஜமால் பாய் இரண்டு பக்கமும் கொஞ்சம் பேசினார். செல்வம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"மச்சான், வியாழக்கிழம நீங்க சொன்னதத்தான் நான் சொல்லணும்," என்றார் கடைசியில்.

"சொல்லு," என்றார் தனபாலன்.

"முட்டி மடங்கல. அதனால பந்த தள்ளுறீங்க. மூணு மேட்சா பாக்குறேன். மேல போவல."

"நாலு மேட்ச்," என்றார் தனபாலன். "மொத மேட்ச் நீ வரல."

கலா அக்கா தன் இலையைத் தன் பக்கம் மடித்தார். செல்வம் வெளிப்பக்கம் மடித்துவிட்டு, இன்று இரவு அக்கா தனக்குச் சோறு போட மாட்டாள் என்றார். ஜமால் பாய் அன்று பல்வலியால் தட்டில் ரொட்டியை ஊறவைத்துச் சாப்பிட்டிருந்தார். தட்டில் சாப்பிட்டவருக்கு ஓட்டுரிமை இல்லை. ஒன்றுக்கு ஒன்று. நானும் உள்பக்கம் மடித்தால் தனபாலன் ஆடுவார். மடிக்காமல் சும்மா இருந்தாலே போதும், அப்போதும் ஆடுவார்.

உள்பக்கம் மடிப்பது என்று முடிவு செய்துதான் இருந்தேன். ஆனால் மோர் அதிகமாக ஊற்றிக்கொண்டுவிட்டேன். அது இலையின் நரம்பு வழியாக மெல்ல என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. மடியில் ரவிக்கைப் பொட்டலம், அதிலும் மேலே இருந்தது முகூர்த்த ரவிக்கை. மோர் விளிம்புக்கு வந்தது. என் கை தானாகப் போய், இலையின் இந்தப் பக்கத்தைத் தூக்கி அந்தப் பக்கமாகப் போட்டது.

பட்டு பிழைத்தது. என் இலை வெளிப்பக்கம் மடிந்து கிடந்தது.

நான் விளக்கினேன். மோரைப் பற்றி, பட்டைப் பற்றி, என் சித்தி மகளின் குணத்தைப் பற்றி. இது ஓட்டே இல்லை, தற்காப்பு என்றேன். இலையைத் திரும்பப் பிரித்து மடிக்கிறேன் என்று கையை நீட்டினேன்.

"பிரிச்சா எச்சில் லா, அண்ணே," என்றார் கலா அக்கா, அந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு. அவர் என்னைப் பார்க்கவில்லை.

செல்வமே மனம் மாறி, இந்த ஒரு தடவை விட்டுவிடலாமே என்றார். அதற்கு மறுப்பு வந்தது தனபாலனிடமிருந்து. "மோர ஊத்துனது அவரு, மடிச்சது அவரு. சட்டம் போட்டது நானு. இதுல நீ யாரு?" பிறகு என் பக்கம் திரும்பி, தே தாரேக் டீ குடிக்கிறீர்களா அண்ணே, இங்கே நன்றாக இழுத்து ஆற்றிக் கொடுப்பார்கள் என்றார். குடித்தேன். ஆளைக் கொன்றுவிட்டு அவர் வீட்டிலேயே காப்பி குடிப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சரியான பெட்டியில் ஏறி, ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு, சாந்தாவின் கணவர் காரில் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பாடாங் என்கிறார்கள். ஊருக்கு நடுவில் இவ்வளவு பெரிய புல்வெளியை யாரும் வளைத்துப் போடாமல் விட்டு வைத்திருப்பதை நான் சுற்றி நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். எதிரணி, ஷா ஆலம் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வங்காளதேச, பாகிஸ்தான் இளைஞர்கள். வாரத்துக்கு ஒரே ஒரு விடுமுறை நாளில் பேருந்து மாறி வந்திருந்தார்கள். டெஸ்ட் தொடரில் யாரை எடுத்திருக்க வேண்டும் என்று அவர்களும் செல்வமும் டாஸுக்கு முன்பே சண்டை பிடித்தார்கள், மலாயில். தமிழனும் வங்காளியும் பஞ்சாபியும் மூவருக்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழியில் சுழற்பந்தைப் பற்றி வாதாடுவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

தனபாலன் வந்திருந்தார், நடுவராக. அணியில் இடம் கிடைக்காதவர் நடுவராக நிற்பது வழக்கமாம். தன் இடத்தில் ஆடும் விக்னேஷ் ஓடிவந்து தன் தோளை உரசிக்கொண்டு பந்து வீசுவதை ஓவர் ஓவராக அவர் பார்த்தார். விக்னேஷ் அபாரமாக வீசினான். புல் ஈரமாக இருந்தது, பந்து வழுக்கிக்கொண்டு போனது, செல்வம் சொன்ன எல்லாமே சரி. நான்கு பேரை அவுட் ஆக்கினான். ஐந்தாவதாக ஒருவனுடைய ஸ்டம்பு பறந்தபோது தனபாலனின் கை பக்கவாட்டில் நீண்டது. நோ பால், கோட்டைத் தாண்டிவிட்டான். விக்னேஷ் திரும்பி நடந்து அடுத்த பந்துக்கு ஓடிவந்தான். நாங்கள் ஜெயித்தோம். நாங்கள் என்றா சொன்னேன்? ஆமாம். மூன்று நாளில் அப்படித்தான் ஆகிவிட்டது. என் மோர் அணிக்கு நல்லதே செய்திருந்தது. அதனால் எனக்கு ஆறுதல் எதுவும் வரவில்லை.

ஆட்டம் முடிந்தபோது மேற்கே மேகம் கறுத்திருந்தது. எல்லாரும் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கலா அக்கா ஒரு மட்டையையும் ஒரு ஜோடி கால் காப்புகளையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கட்டுங்க அண்ணே. அவருக்கு ஒரு ஓவர் நீங்க நிக்கணும்."

பள்ளிக்கூட அணியில் நான் பதினோராவது ஆட்டக்காரனாக இருந்தவன். அதுவும் பத்துப் பேர்தான் தேறினார்கள் என்பதால். இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு காலில் காப்பைக் கட்டிவிட்டார். செல்வம் நடுவர் இடத்துக்குப் போனார். தனபாலன் தன் தொப்பியைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். பந்து வீசுகிறவர் தொப்பியை நடுவரிடம் கொடுப்பதும், ஓவர் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதும் முறை.

எதிரணித் தலைவன் என்ன நடக்கிறது என்று கேட்டான். செல்வம் மலாயில் இரண்டு வாக்கியம் சொன்னார். அவன் தன் ஆட்களைப் பார்த்தான். கட்டின பைகளைப் போட்டுவிட்டுப் பதினொரு பேரும் மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். அவரவர் இடத்தில் நின்றார்கள், ஒருவன் என் மட்டைக்கு முழம் தூரத்தில் குனிந்து நின்றான். விக்னேஷ் ஸ்லிப்புக்கு வந்தான். பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

முதல் பந்து என் கண் உயரத்துக்கு மேலே போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அது எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, மட்டையை அங்கே கொண்டு போனேன். பந்து அங்கே வரவில்லை. இரண்டாவதுக்கும் அதேதான். மூன்றாவது என் மட்டைக்கும் எனக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து ஸ்டம்பில் பட்டது. போகலாம் என்று திரும்பினேன். "நில்லுங்க அண்ணே, ஓவர் முடியல," என்றார் செல்வம். இத்தனைக்கும் தனபாலன் ஒவ்வொரு பந்துக்கும் நொண்டிக்கொண்டுதான் வந்தார். அந்த நொண்டலிலிருந்து இப்படி ஒன்று புறப்படும் என்பதை நம்ப முடியவில்லை. நான்கு ஆட்டமாக மேலே போகாத பந்து இன்று போய்க்கொண்டிருந்தது. ஸ்டம்புகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், எனக்குத் தெரியும்.

ஐந்தாவது பந்து என் காலில் பட்டது. பதினொரு பேரும் கத்தினார்கள். தனபாலன் திரும்பி செல்வத்தைப் பார்த்தார். செல்வம் ரொம்ப நேரம் யோசித்தார். விரல் எழவில்லை.

"லெக் ஸ்டம்புக்கு வெளிய விழுந்துச்சு மச்சான்."

நான் அவுட் என்று நானே அறிவித்தேன். காலில் பட்டவனுக்குத் தெரியாதா என்றேன். இருவரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "ஆமா, வெளியதான்," என்றார் தனபாலன்.

ஆறாவது பந்து எல்லாவற்றையும்விட மேலே போனது. நான் மட்டையை அசைக்கவே இல்லை. அது விழுந்து, திரும்பி, ஆஃப் ஸ்டம்பின் மேல் இருந்த கட்டையை மட்டும் தட்டிவிட்டுப் போனது. விக்னேஷ் அதைக் குனிந்து எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தான்.

செல்வம் ஓவர் என்று சொல்லவில்லை. விரலை மடக்கிப் பார்த்தார். பிறகு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "சத்து லாகி," என்றார். மலாயில் இன்னும் ஒன்று என்று அர்த்தம்.

ஆறு முடிந்துவிட்டது என்று எனக்கே தெரியும். நான் கலா அக்காவைப் பார்த்தேன். ஓவர் ஓவராக மனதில் வைத்திருக்கும் பெண்மணி, புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது பந்து வந்தது. எட்டாவது வந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு செல்வம் விரலை மடக்கிப் பார்த்து, "சத்து லாகி," என்றார். பத்தாவதற்குப் பிறகு எதிரணிக்காரர்களும் சேர்ந்து சொன்னார்கள். பெரிய துளிகளாக மழை ஆரம்பித்தது. யாரும் இடத்தை விட்டு அசையவில்லை, நான் உட்பட.

பதினோராவது பந்தைப் போட்டுவிட்டு தனபாலன் திரும்பவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து, செல்வத்தின் அருகில் போய், தொப்பிக்காகக் கையை நீட்டினார்.

செல்வம் கொடுக்கவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மழையில் ஈரமான தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்வம், ஓவர் சொல்லு," என்றார் தனபாலன்.